குட்டைக்கு ஓர் இடம்

அந்தக் கரிசல் வட்டாரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளுக்கு அரசாங்கம் என்ன கொடுக்கிறது, எந்த ஆபீசில் கொடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பேச்சிக்கனியைத்தான் தேடிப் போவார்கள். அவளும் ஒரு சம்சாரிதான். நாற்பது வயது. ஒருத்தருக்குச் சொட்டுநீர்க் குழாய், இன்னொருத்தருக்கு வரப்போரம் வைக்க வேங்கை மரக்கன்று என்று எத்தனையோ பேருக்கு வழி காட்டியிருக்கிறாள். பதிலுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

உத்தண்டு அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் அவளைத்தான் குருவாக நினைத்தார். இரண்டு வருஷமாக அவருடைய உளுந்து பூக்கிற நேரத்தில் கருகிப்போனது. வானம் பார்த்த அந்த உளுந்துக் காட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வரச்சொல்லி மகன் நச்சரித்தான்.

"தாயி, என் காட்டுக்கு என்ன திட்டம் இருக்கு?"

"மழை பெய்யட்டும் அண்ணாச்சி, சொல்றேன்."

மழை பெய்தால் திட்டம் எதற்கு என்று நினைத்தார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. காட்டிலிருந்தவர்கள் எல்லாம் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். பேச்சிக்கனி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றாள்.

"வாங்க, காட்டுக்குப் போவோம்."

கொட்டுகிற மழையில் நின்று தன் காட்டை உத்தண்டு பார்த்ததே இல்லை. மேட்டுத் தண்ணீர் கறுப்பாகத் திரண்டு வந்து, தென்மூலை வரப்பை உடைத்துக்கொண்டு ஓடையில் விழுந்தது. குனிந்து ஒரு கை அள்ளினார். மண்ணோடு அவர் போட்ட எருவும் வந்தது.

"என் காடே போகுதே, தாயி!"

மழை விடும்வரை அவளும் கூடவே நனைந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் வேளாண் பொறியியல் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். "நீங்களே சொல்லுங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள். உத்தண்டு கண்டதை எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரியம்மா அன்றைக்கே காட்டுக்கு வந்துவிட்டார்.

"மழைத் தண்ணியத் தேக்க மானியத்துல பண்ணைக்குட்டை வெட்டலாம் பெரியவரே. எங்க வெட்டணும்?"

குட்டை என்றால் ரோட்டோர மேட்டில், வற்றிப்போன கிணற்றின் மோட்டார் ரூம் பக்கத்தில்தான் என்று ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்தார். தென்மூலையோ காட்டிலேயே நல்ல மண். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு, மழைத் தண்ணீர் திரண்டு ஓடிய தென்மூலையையே காட்டினார்.

கோடையில் வெட்டினார்கள். ஐப்பசியில் குட்டை தளும்பியது. உளுந்து பூத்து வாடத் தொடங்கியபோது அந்தத் தண்ணீர்தான் பாய்ந்தது. மகன் அப்புறம் திருப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

காய் பிடித்து நின்ற உளுந்துக்கு நடுவில் உத்தண்டு கேட்டார்.

"இப்படி ஒரு திட்டம் இருக்குன்னு உனக்கு மொதல்லயே தெரியும்தான தாயி?"

"தெரியும்."

"கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

பேச்சிக்கனி சிரித்தாள்.

"சொல்லியிருந்தா குட்டை வந்திருக்கும் அண்ணாச்சி. தண்ணி வந்திருக்குமா?"