வழி பார்த்த பயறு

அந்தக் காலத்தில், பானைக்குள் போகிற காயும் பானைக்கு வெளியே நிற்கிற ஆளும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருந்தபோது, தட்டைப்பயறுக்குக் கண் கிடையாது. வெளுத்த உடம்பு, நடுவில் காம்பு விட்ட சின்னத் தழும்பு, அவ்வளவுதான். சிலர் அதைக் காராமணி என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூட அதற்குத் தெரியாது.

தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் செவந்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு நாலு தம்பிகளைச் சோறு ஊட்டி ஆளாக்கியவள். ஆளானவர்கள் ஆளுக்கொரு திசையில் நிலம் பார்த்துப் போய்விட்டார்கள். மாடன் ஆற்றங்கரையில் பூசணி போட்டான். சடையன் குளத்துக்காட்டில் கத்தரி வைத்தான். நல்லான் மலையடிவாரத்து வேலியில் அவரை ஏற்றினான். கடைசித் தம்பி சுப்பான் தேரியைத் தாண்டிக் கடலோரம் போனான். சர்க்கரைவள்ளி என்கிறோமே, அந்தச் சீனிக்கிழங்கு அவன் மணலில் நன்றாக இறங்கியது. செவந்தாள் மட்டும் பழைய வீட்டில், பழைய காட்டில், தட்டைப்பயறு விதைத்துக்கொண்டு இருந்தாள்.

வருசத்துக்கு ஒரு நாள், தை அறுப்பு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, எல்லோரும் அக்கா வீட்டில் கூடுவார்கள். பெரிய விருந்தெல்லாம் இல்லை. ஒரே ஒரு கூட்டு. அக்காவின் பயறு அடியில் வேகும். வருகிறவர்கள் அவரவர் காயை அவரவர் கையால் நறுக்கிப் பானையில் போட வேண்டும். எல்லோர் கையும் பட்ட பிறகுதான் பானை அடுப்பை விட்டு இறங்கும். அதுதான் அந்த வீட்டுக் கட்டுப்பாடு. சீனிக்கிழங்கு சீக்கிரம் வெந்துவிடும், அதனால் அது கடைசியில். தூரத்திலிருந்து வருகிற சுப்பானும் கடைசியில்தான் வருவான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

போன வருசம்தான் அது தப்பியது. சுப்பான் வர நேரமாகிவிட்டது. பிள்ளைகள் பசியில் அழுதார்கள். "இறக்குக்கா, அவன் வரும்போது வரட்டும்" என்றான் மாடன். செவந்தாளும் இறக்கிவிட்டாள். இலையில் பாதிக் கூட்டு தீர்ந்திருந்தபோது வாசலில் சுப்பான் நின்றான், தலையில் கூடையோடு. இலைகளைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். அவன் கிழங்கு படாத பானை. வந்த வழியே திரும்பினான். செவந்தாள் எச்சில் கையோடு ஓடிப்போய்க் கூப்பிட்டாள். அதற்குள் அவன் தேரி மேட்டில் மறைந்திருந்தான், மணலில் நடக்கிறவனுக்குக் காலடிச் சத்தமே இருக்காது. அதனால் அவன் நின்றானா நடந்தானா என்றுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருசம் அவன் வரவே இல்லை.

இந்தத் தையில் செவந்தாள் நாலு பேருக்கும் காகத்திடம் சொல்லி அனுப்பினாள். காகம் சாயங்காலம் திரும்பி வந்து முருங்கையில் உட்கார்ந்தது.

"மூணு பேரும் வாரோம்னு சொன்னாங்க" என்றது.

"சுப்பான்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்தான். எம்மேல ஒரு மண்ணாங்கட்டிய எறிஞ்சான். ஆனா தோண்டிக்கிட்டு இருந்தான்."

செவந்தாளுக்கு அது போதும். கிழங்கு தோண்டுகிறவன் வரத்தானே தோண்டுவான்? வீட்டிலிருந்த பயறு முழுவதையும், விதைக்கு வைத்ததையும் சேர்த்து, வியாழக்கிழமையே ஊறப் போட்டுவிட்டாள். ஊறிய பயறைத் திரும்ப உலர்த்த முடியாது, ஆக்கியே தீர வேண்டும். அது தெரிந்துதான் போட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பானையை அடுப்பில் ஏற்றினாள். முறத்தைச் சுவரில் சாத்தப் போனபோது அதன் விளிம்பிலிருந்து ஒரு குரல்.

"ஆத்தா, என்னை விட்டுட்டியே."

ஒரே ஒரு பயறு. ஊறாதது. மூங்கில் பிளாச்சுக்கு இடையில் மாட்டிக்கொண்டு இருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றாள் செவந்தாள். "உனக்கு வேற வேலை இருக்கு. நான் அடுப்ப விட்டு நகர முடியாது. அடி பிடிச்சிரும். நீ வாசல்ல இருந்து வழியப் பாரு."

"எனக்குக் கண்ணு இல்லையே ஆத்தா."

செவந்தாள் பானையின் பக்கத்தில் விரலைத் தேய்த்தாள். அந்தக் கரியால் பயறின் வயிற்றில், காம்புத் தழும்பைச் சுற்றி, ஒரு பொட்டு வைத்தாள். குழந்தைக்கு மை வைக்கிறபோது கை நடுங்கக் கூடாது என்பார்களே, அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள்.

பயறு அந்தக் கரிக்கண்ணால் வாசல் பக்கம் பார்த்தது.

"இதுதான் வெளிச்சமா?"

"இதுதான்."

"ரொம்பப் பெருசா இருக்கே."

அவள் அதை வாசல் விளக்கு மாடத்தில் வைத்தாள். "நல்லாக் கேட்டுக்கோ. என் கடைசித் தம்பி வருவான். தலையில கூடை இருக்கும். கூடையோட ஆள் தெரிஞ்சதும் சொல்லு. நான் சொல்ற வரைக்கும் கண்ண மூடாத."

"சரி ஆத்தா" என்றது பயறு. அதற்கு யாருடைய முகமும் தெரியாது. அன்றைக்குக் காலையில்தான் அது உலகத்தைப் பார்க்கிறது. கூடை என்றால் என்ன என்று மட்டும் தெரியும், அறுவடைக்குப் பிறகு அதில்தானே கிடந்தது.

வெயில் ஏறுவதற்குள் மாடன் வந்தான், தோளில் பூசணியோடு. பிறகு சடையன், மடியில் கத்தரியோடு. அப்புறம் நல்லான், துணிமூட்டையில் அவரையோடு. நல்லான் இடுப்பில் அவன் மகள் குருவம்மா, மூன்று வயது. மூவரும் அவரவர் காயை அவரவர் கையால் நறுக்கிப் போட்டார்கள்.

"யக்கா, பயறு கடல் மாதிரி கிடக்கே! ஊருக்கே ஆக்குறியா?" என்றான் சடையன்.

"எல்லாரும் வாரீங்கல்ல."

'எல்லாரும்' என்றதும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியுதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் செவந்தாள்.

"கூடையோட யாரும் இல்ல ஆத்தா" என்றது பயறு.

அது உண்மை. தேரி மேட்டில், ஒற்றைப் பனையின் நிழலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். விடிந்த கொஞ்ச நேரத்திலிருந்தே இருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் எதுவும் இல்லை. பனைக்குப் பின்னால் எதையாவது இறக்கி வைத்திருந்தானோ என்னவோ, இங்கிருந்து தெரியாது. பயறு அவனை ஒருமுறை பார்த்துவிட்டு வழியைப் பார்த்தது. அதற்குச் சொன்னது கூடைதானே.

உச்சி வெயில் வந்தது. பானைக்குள்ளிருந்து பூசணி முனகியது.

"ஏம்மா, என்னை எப்ப இறக்குவீங்க? நான் பாதி காணாமப் போயிட்டேன்."

"பேசாம கிட" என்றது கத்தரி. "உனக்கு வேகறதைத் தவிர வேற என்ன தெரியும்?"

"அத்தை, பசிக்கு" என்று வந்து நின்றாள் குருவம்மா. செவந்தாள் ஒரு பனங்கிழங்கை உரித்துக் கொடுத்தாள். குருவம்மா அதைத் தின்றுவிட்டு மறுபடி வந்து நின்றாள். இன்னொன்று கொடுத்தாள். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைக்கு மட்டும் ஒரு கரண்டி எடுத்துக் குடுத்திரு யக்கா" என்றான் மாடன்.

"போன வருசமும் இப்படித்தான் ஒரு கரண்டின்னு ஆரம்பிச்சோம்."

"அவன் வரமாட்டான். வாரவன் இந்நேரம் வந்திருப்பான்."

"கிழங்கு தோண்டினான்ல."

"விக்கிறதுக்குத் தோண்டியிருப்பான்!"

செவந்தாள் அகப்பையைப் பானையின் குறுக்கே வைத்தாள். "இன்னைக்கு அவன் கை படாம இது இறங்காது" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் இறக்கு என்று கேட்கவில்லை. தண்ணீர் வற்ற வற்ற அவள் வெந்நீர் ஊற்றினாள். விறகை வெளியே இழுத்தாள், மறுபடி உள்ளே தள்ளினாள்.

முதலில் மாடன்தான் எழுந்தான். பொழுது சாய்ந்தால் ஆற்றில் இறங்க முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டவன், வாசலில் நின்று திரும்பினான்.

"உனக்கு அவன் ஒருத்தன்தான் தம்பி. நாங்க காய் கொண்டாற ஆளுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் சடையன் எழுந்தான். அவனுக்கு எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாது. "யக்கா, அடுத்த வருசம் கத்தரி வேண்டாம். கல்லு கொண்டாறேன். அதுன்னா எவ்வளவு நேரம்னாலும் வேகும்." அவன் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை. தெருமுனைவரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டே போனான்.

நல்லான் கடைசிவரை இருந்தான். மகள் தூங்கிப்போனதும் அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அக்காவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தான். மலைப்பாதையில் இருட்டுக்கு முன்னால் போக வேண்டும். "வாரேன்க்கா" என்றான். அவள் திரும்பினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்து, திரும்புவதற்குள் படி இறங்கினான்.

வீட்டில் இலைகள் மட்டும் இருந்தன. நறுக்கி அடுக்கி வைத்த வாழை இலைகள், ஓரம் சுருள ஆரம்பித்திருந்தன.

வெயில் மஞ்சளாக இறங்கியபோது பயறு கத்தியது.

"ஆத்தா! கூடை! ஒரு கூடை வருது!"

செவந்தாள் எழுந்தாள். ஓடவில்லை. ஓடினால் இல்லாமல் போய்விடும் என்பதுபோல மெதுவாக நடந்து வாசலுக்கு வந்தாள். சுப்பான் கூடையை இறக்கினான். ஒரு வருசத்தில் இளைத்திருந்தான்.

"வழியெல்லாம் ஒரே மணல்க்கா. அதான் நேரமாயிருச்சு" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வந்துட்டல்ல. வா, கிழங்க நறுக்கு."

அவள் கூடையில் கைவிட்டு ஒரு கிழங்கை எடுத்தாள். கை அப்படியே நின்றது. புதுக்கிழங்கு என்றால் மண் ஈரமாக ஒட்டியிருக்கும். கூடையோடு நடந்து வந்த கிழங்கு உள்ளே குளிர்ந்திருக்கும். இது தோல் சுருங்கி, மண் உதிர்ந்து, உள்ளேவரை சுட்டது. ஒரு பகல் முழுவதும் ஒரே இடத்தில் வெயில் தின்ற கிழங்கு. அவள் அதைக் கழுவி அவனிடம் நீட்டினாள்.

அவன் நறுக்கி, தன் கையால் பானையில் போட்டான். இருவரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அது வேகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானைக்குள் ஒரு சத்தமும் இல்லை. பூசணி என்று ஒன்று அதில் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

செவந்தாள் பானையை இறக்கினாள். இலை போட்டாள். ஒரு அகப்பை நிறைய எடுத்து வைத்தாள்.

சுப்பான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். கையை வைத்தான். சுற்றிலும் வெறும் இலைகள் அடுக்கியபடியே இருந்தன. கையை எடுத்துவிட்டான்.

"இறங்கலக்கா."

"ஒரு வாய்."

"அண்ணன்மாரு பசியோட போனாங்க. அந்தப் பிள்ளை தோள்ல தூங்கிக்கிட்டே போச்சு. நான் எப்படித் தின்ன?"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அக்காவைப் பார்த்தான். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்தான். கூடையைக்கூட எடுக்காமல் படி இறங்கினான்.

செவந்தாள் வாசல்வரை வந்து மாடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் புகையில் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.

"போறானா?"

"போறாரு ஆத்தா" என்றது பயறு. பிறகு குரல் மாறியது. "ஆத்தா, கூடை இல்லாமப் பார்த்தா இவரை எனக்குத் தெரியும். காலையிலருந்து அந்தப் பனை நிழல்ல உட்கார்ந்திருந்தது இவருதான்."

"கிழங்கத் தொட்டப்பவே தெரிஞ்சிருச்சு."

"தான் வராமலே பானைய இறக்கிருவியான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"ஆமா."

"நான் காலையிலயே சொல்லியிருந்தா எல்லாரும் சாப்பிட்டிருப்பாங்களே."

"கூடைன்னு அடையாளம் சொன்னது நான்தானே" என்றாள் செவந்தாள். "இப்ப எங்க போறான்?"

"பனைகிட்ட."

"திரும்பிப் பாத்தானா?"

"நின்னாரு. திரும்பல."

"இப்ப?"

"தலை மட்டும் தெரியுது."

"இப்ப?"

மேட்டில் பனை மட்டும் நின்றது.

செவந்தாள் உள்ளே போய், நிறைந்த பானைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொள் என்று பயறிடம் சொல்ல அவளுக்கு மறந்துபோனது. ஆடி மழைக்கு விதைக்க அவளிடம் மிஞ்சியிருந்ததும் அந்த ஒரு பயறுதான். அடுத்த தையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று இந்தக் கதையில் இல்லை.

அதிலிருந்து முளைத்து வந்ததால்தான் தட்டைப்பயறுக்கு வயிற்றில் அந்தக் கறுப்புக் கண். எத்தனை கொதி கொதித்தாலும், கூட்டில் மற்றக் காயெல்லாம் குழைந்து கரைந்தாலும், அது மட்டும் கண்ணை மூடாமல் வழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.