இரண்டாவது கவளம்

வெகு காலத்துக்கு முன்னே, குமிழி நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு.

ஒருநாள் சபையில் கண் கலங்கினார். "பக்கத்து நாட்டு ஜனங்கள் தவிடும் நொய்யும் தின்கிறார்களாம். படையெடுத்துப் போய் அவர்களை மீட்க வேண்டும்."

தளவாய் சூரப்பனுக்கு மந்திரி மேல் வெகுநாளாகப் பொறாமை. "இரக்கத்துக்காகப் போர் தொடுக்கும் முதல் ராஜா தாங்கள்தான்" என்றான், மந்திரியைப் பார்த்துக்கொண்டே.

மந்திரி அறவாழியார் எழுந்தார். "இரக்கத்தால் யாரும் போருக்குப் போவதில்லை, அரசே. ஏற்றத்தாழ்வுதான் தள்ளிக்கொண்டு போகிறது."

"பிள்ளை பெற்ற வீடு. மந்திரியாருக்குப் பயம்" என்று சிரித்தான் தளவாய்.

ராஜாவுக்குக் கோபம். "நாளை படைச்சோற்றுக்குள் நிரூபியும். முடியாவிட்டால் உம் மகன் முதல் வரிசையில் நிற்பான்."

மந்திரிக்கு ஒரே மகன். அவனுக்குப் பிறந்த குழந்தைக்கு அன்றைக்கு நாற்பதாவது நாள்.

அந்த நாட்டில் போருக்கு முன் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, ஒரே அண்டாவில் படைச்சோறு பொங்குவார்கள். ராஜா முதலில் சாப்பிட்ட பிறகுதான் முரசு கொட்டும். மந்திரி இந்த முறை அரிசியைக் கலக்க விடவில்லை. தெருவுக்கு ஒரு பானை வைக்கச் சொன்னார்.

மறுநாள் ராஜா எடுத்த முதல் கவளம் மல்லிகைப் பூப்போல இருந்தது. "எந்தத் தெரு?"

"தளவாய் வீட்டுத் தெரு, அரசே."

இரண்டாவது கவளத்தில் கல் கடிபட்டது. ராஜா துப்பினார். "தவிடும் நொய்யும். பக்கத்து நாட்டிலிருந்து வரவழைத்தீரா?"

"இல்லை. நம் ஏரிக்கீழ்த் தெரு. ஒரு பிடி கேட்டோம். அவர்கள் வீட்டில் இருந்ததே இதுதான்."

மந்திரி படைவீரன் ஒருவனை அழைத்தார். "பக்கத்து நாட்டாரின் பசியைப் பார்த்துத்தான் படையில் சேர்ந்தாயா?"

"அது தெரியாது சாமி. படையிலே ரெண்டு வேளை சோறு போடுறாங்கன்னாங்க. எங்க ஏரிக்கீழ்த் தெருவிலே எல்லாரும் வந்துட்டோம்."

ராஜா திரும்பினார். "சூரப்பா, உன் தெருவிலிருந்து எத்தனை பேர்?"

"எங்கள் தெருவில் எல்லாருக்கும் முட்டிவலி, அரசே."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியானால் என் இரக்கம் பொய்யா?" ராஜாவின் குரல் இறங்கியிருந்தது.

"பொய்யில்லை அரசே. பக்கத்து நாடு வரைக்கும் போயிருக்கிறது. ஏரிக்கீழ்த் தெருவுக்குத்தான் இன்னும் வரவில்லை. நாளை இவனுக்கு எதிரே வேல் பிடித்து நிற்கப் போகிறவனும் தவிடு தின்றவன்தான். தாங்கள் மீட்கப் போவதும் அவனைத்தான், கொல்லப் போவதும் அவனைத்தான்."

ராஜா இலையில் இருந்த தவிட்டுச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.

"களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள். முதல் வண்டி ஏரிக்கீழ்த் தெருவுக்கு, அடுத்தது எல்லை தாண்டிப் போகட்டும். சூரப்பா, அந்தத் தெருவில் நல்ல சோறு பொங்கும் வரை உன் இலையிலும் இதுதான்."

மந்திரியின் தோளில் தம் பட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

அன்று முரசு கொட்டவில்லை. மந்திரி வீட்டுக்குள் நுழைந்தபோது மகன் முரசுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தான். குழந்தை எப்போதோ தூங்கிவிட்டிருந்தது. அவன் ஆட்டுவதை நிறுத்தவில்லை.