பவிஷாவுக்கு ஒரு வாக்கியம்

பிளாரன்ஸ் டீச்சரிடம் இங்கிலீஷ் படிக்க வருகிற நாங்கள் எல்லாரும் ஏதாவது கேஸில் மாட்டிக்கொண்டவர்கள்தான். தூத்துக்குடி கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு. கோர்ட்டுக்குள்ளே என்ன பேசுகிறார்கள் என்றாவது புரிய வேண்டாமா? என் கேஸ் வாடகைத் தகராறு, அதை விடுங்கள். ஜெகவீரன் அண்ணாச்சிக்கு மகள் கேஸ்.

மீன் லாரி ஓட்டுகிறவர். டீச்சரைவிட மூத்தவர். மனைவி பிரிந்து போய்விட்டார். மகள் பவிஷா அம்மாவோடு. கோர்ட் அண்ணாச்சிக்குக் கொடுத்தது சனிக்கிழமை ஒரு மணி நேரம், அதுவும் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே. அதற்காக மனுஷன் வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பார். மற்ற நாளெல்லாம் பிள்ளை பேச்சுதான்.

கஸ்டடி, கார்டியன், பெட்டிஷன், அட்ஜர்ன்மென்ட் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஜஸ்டிஸ் என்றாலும் நியாயம், ஃபேர் என்றாலும் நியாயம் என்கிறீர்களே, இதில் எனக்கு எது கிடைத்தது என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

அந்த வாரம் வேர்க்க விறுவிறுக்க வந்தார். திங்கட்கிழமை ஜட்ஜம்மா பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, யாரிடம் இருக்க ஆசை என்று கேட்கப் போகிறார்களாம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. பிள்ளை இங்கிலீஷ் மீடியம், இங்கிலீஷில் சொன்னால் எடுபடும் என்று யாரோ அவரை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

“அப்பாகூடத்தான் இருப்பேன்னு சொல்ல ஒரு வாக்கியம் தாங்க டீச்சர். அந்த ஒரு மணி நேரமும் அதையே சொல்லிக்கொடுத்துருதேன்.”

டீச்சர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். அண்ணாச்சி ஜட்ஜாம், டீச்சர் பவிஷாவாம். எங்களுக்குச் சிரிப்பு. அண்ணாச்சி கூச்சத்தோடு உட்கார்ந்தார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

“ஐ வாண்ட் டு லிவ் வித் மை ஃபாதர்.”

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சந்தோஷம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். டீச்சர் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது விளையாட்டு என்பதே மறந்துபோய், சாப்பிட்டியா தாயி என்று கேட்டார் அண்ணாச்சி.

“ஐ வாண்ட் டு லிவ் வித் மை ஃபாதர்.”

விழுந்த பல் முளைச்சிருச்சா என்று கேட்டார். அதற்கும் அதே வாக்கியம்தான். உனக்கு அப்பாவைத் தேடுதா என்று கேட்டார். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே ஒப்பித்தார்.

எங்களில் ஒருத்தருக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“சொல்லிக்கொடுக்காம விட்டு, அவ அம்மாகிட்டயே இருக்கேன்னு சொல்லிட்டா? எனக்குப் பிள்ளையே இல்லாமப் போயிருமே டீச்சர்.”

டீச்சர் கட்டியிருந்த கையை இறக்கினார்.

“சொன்னாலும் சொல்லுவா அண்ணாச்சி, இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க கையில இருக்கது ஒரு மணி நேரம். அதுல உங்க முன்னாடி வந்து உக்காரணும்னு நீங்க ஆசைப்படுறது சாட்சியா, மகளா?”