முயல்களுக்கு மட்டும் மார்கழி

முன்னொரு காலத்தில், சித்திரைத் திங்கள் இருபத்தொன்றாம் நாள், உச்சிப்பொழுதுக்கு இரண்டு நாழிகை முன்னர், கத்திரி வெயிலில் இலையும் அசையாத வேளையில், மன்னர் கோதண்டவர்மருக்கு முயற்கறியின் நினைவு வந்தது.

ஆவணிக் கடைசியில் அவருடைய பிறந்தநாள் விருந்து. வரும் சிற்றரசர்கள் அனைவருக்கும் முயற்கறி பரிமாற வேண்டும் என்பது அவர் விருப்பம். அரண்மனை முயற்பட்டியில், குளிர்நாட்டு வணிகர்கள் காணிக்கையாகத் தந்த பெரிய வெள்ளை முயல்கள் இருந்தன. மாசி மாதம் வரை அவை தவறாமல் ஈன்றன. பங்குனி பிறந்ததும் நிறுத்திக்கொண்டன. பட்டியின் பொறுப்பு விகடகவி சொக்கேசனுடையது. அதைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தர நெடுநாளாக முயன்றுகொண்டிருந்தவர் பிரதானி அனந்தகீர்த்தி.

“அரசே, மார்கழியில் ஈன்ற முயல் சித்திரையில் ஏன் ஈனவில்லை? பொறுப்பாளர் கதை சொல்லித் திரிந்தால் முயல்தான் என்ன செய்யும்!” என்றார் பிரதானி.

“வெயில், பிரதானியாரே,” என்றான் சொக்கேசன். “தடித்த மயிர் போர்த்த இனம். இந்த வெக்கையில் பெண் முயல் தீனியைத் தொடுவதில்லை. ஆண் முயல் சேர்ந்தாலும் கருப்பிடிப்பதில்லை.”

“வெயிலாம்! அரசாணைக்கு அடங்காத மாதம் ஒன்று உண்டா, அரசே?”

“இல்லை,” என்றார் மன்னர் உடனே. “ஆனி முதல் நாளுக்குள் பட்டியில் குட்டிகள் நிறைந்திருக்க வேண்டும். தவறினால், சொக்கேசா, நீ இந்நாட்டில் இருக்க முடியாது.”

பிரதானி நாடுகடத்தும் ஓலையை அங்கேயே எழுதி முடித்தார். அரச கையொப்பம் மட்டும் மீதி.

சொக்கேசன் வணங்கினான். “மாதமும் ஆணைக்கு அடங்கும் என்றால் வழி எளிது. இன்றுமுதல் இந்நகரில் மார்கழி என்று ஆணையிடுங்கள். அதை நிறைவேற்றும் அதிகாரத்தை எனக்குத் தாருங்கள்.”

மன்னருக்கு அது வேடிக்கையாக இருந்தது. முரசு அறையப்பட்டது.

மறுநாள் விடியுமுன் சங்கு ஒலித்தது. பூசணிப்பூ கிடைக்காத பெண்கள் வாசல் கோலத்துச் சாண உருண்டையில் வேப்பம்பூவைச் செருகினார்கள். அரண்மனை விசிறிகள் பரணில் ஏறின. மன்னருக்கு வெந்நீர்க் குளியலும் சுடச்சுட மிளகுப் பொங்கலும் வாய்த்தன. பிரதானிக்குக் கம்பளி.

மடைப்பள்ளித் தலைவன் மாசானம் அடுப்படியில் புலம்பினான்: “வெயிலு மண்டையப் பொளக்குது, இவுக வெந்நீருக்கு வெறகு அடுக்கச் சொல்றாக! கிறுக்கு எனக்கா, அரமனைக்கா?”

“ஓய், இதைக் கழற்றலாமா?” என்று கம்பளிக்குள்ளிருந்து சொக்கேசனைக் கேட்டார் பிரதானி.

“வேண்டாம், பிரதானியாரே. மார்கழிப் பனி, சளி பிடித்துக்கொள்ளும்.”

மூன்றாம் நாள் நண்பகலில் மன்னர் பொறுமையிழந்து, குளத்தின் நடுவிலிருந்த தம் கோடை மண்டபத்துக்குப் படகேறி ஓடினார். உள்ளே தூணுக்குத் தூண் வெள்ளை முயல்கள் ஈரக்கல்லில் வயிறு பதியப் படுத்திருந்தன. இடையிடையே சிறிய பழுப்பு முயல்கள் கம்பீரமாக உலவின.

“அடேய் சொக்கேசா! என் மண்டபத்தில் இவற்றுக்கு என்ன வேலை?”

“மார்கழியில் தாங்கள் இங்கு வரும் வழக்கமில்லையே, அரசே, சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நகரத்தில் எல்லாரும் மார்கழி என்று ஒப்புக்கொண்டார்கள். முயல்கள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றுக்கு முரசு போதவில்லை. குளிர்ந்த கல் தேவைப்பட்டது.”

“இந்தப் பழுப்புக் குள்ளர்கள்?”

“நம் நாட்டு வளர்ப்பு ஆண் முயல்கள். வெள்ளை ஆண்கள் வெயிலில் வாடிவிட்டன; நிழலுக்குக் கொண்டுவந்தாலும் தேறப் பல வாரம் ஆகும். இவை இந்த வெயிலுக்குப் பழகியவை. ஆனால் இவற்றின் இனத்துப் பெண் மூன்று நான்குக்கு மேல் ஈனாது. வெள்ளைப் பெண் அதைப்போல் இருமடங்கு ஈனும். ஆகையால் தாயை அந்த இனத்திலும் தந்தையை இந்த இனத்திலும் எடுத்தேன்.”

மன்னர் நெற்றி வியர்வையை வழித்தார். “மனிதர்களுக்கு இப்போதே சித்திரையைத் திருப்பிக் கொடு. முயல்களுக்கு மார்கழி நீடிக்கட்டும்.”

“குட்டி ஒன்றும் பிறக்கவில்லையே, அரசே,” என்றார், மன்னர் பின்னாலேயே வந்து கம்பளியைக் கழற்றிய பிரதானி. “ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.”

ஆனி முதல் நாள் காலையில் பிரதானி அந்த ஓலையோடும் எழுத்தாணியோடும் மன்னரை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். முயல்கள் ஈனுவதற்காகச் சொக்கேசன் வைத்திருந்த பெட்டிகளில் வெள்ளை மயிர் குவிந்து கிடந்தது. ஒன்றில் பிரதானி கைவிட்டார்.

“பாருங்கள், அரசே! வெறும் மயிர்!”

மயிர் நெளிந்தது. தாய் முயல் தன் மார்பிலிருந்து பிடுங்கி மெத்தையிட்டிருந்த அதற்குள்ளிருந்து வெள்ளையும் பழுப்புமாக எட்டுக் குட்டிகள் அவர் விரல்களை மோந்தன. அடுத்த பெட்டியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே.

மன்னர் மண்டபம் அதிருமளவுக்குச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசனுக்கு அணிவித்தார். “பிரதானியாரே, உம் மைத்துனருக்குப் பட்டியில் ஒரு வேலை கேட்டீர் அல்லவா? சொக்கேசா, இருக்கிறதா?”

“இருக்கிறது, அரசே. பரணிலிருந்து இறக்கிய விசிறிகள் மிகுதியாக உள்ளன. வெள்ளை ஆண் முயல்களுக்கு வீசுவதற்கு ஆள் இல்லை.”

பிரதானியின் எழுத்தாணியையே வாங்கி மன்னர் புதிய ஓலை ஒன்று எழுதினார்: பட்டி என்றென்றும் சொக்கேசனுடையது, கோடைதோறும் மண்டபம் முயல்களுடையது, விசிறி மைத்துனருடையது. கையொப்பமிட்டு, முத்திரை பதித்து, உரியவரிடம் சேர்க்கும்படி பிரதானியிடமே கொடுத்தார்.

பிரதானி அதை இரு கைகளாலும் சொக்கேசனிடம் ஒப்படைத்தார்.