மூன்று சிரட்டை உப்பு

ஒரு ஊரிலே, ஏரிக்கரையிலே ஓர் அம்மன் கோவில் இருந்ததாம். ராஜா மகளுக்கு அம்மை இறங்கியதற்காக அன்றைக்கு அங்கே பெரிய படையல். சமையல் கொட்டகையில் இருந்தவர்களைச் சொல்கிறேன், விரலை மடக்கிக்கோங்க. தலைவன் வீரணன் ஒன்று. மசாலா அரைக்கிற பூவாயி இரண்டு. காய் நறுக்குகிற சின்னாத்தா மூன்று. தண்ணீர் சுமக்கிற இருளாண்டி நான்கு. அடுப்பு பார்க்கிற மொக்கையன் ஐந்து. அவனுக்கு மந்தபுத்தி என்று ஊரார் சொல்வார்கள். கூரையில் ஒரு காகம், அதையும் சேர்த்தால் ஆறு. வெளியே சோற்றுக்கு உட்கார்ந்திருந்த சனம் முந்நூறு.

அம்மனுக்குப் படைக்கும் முன்னால் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. அது அந்தக் கோவில் வழக்கம். அப்போ உப்பு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? வாய்தான் வழி. ஓர் அண்டா குழம்புக்கு ஒரு சிரட்டை உப்பு. போட்டவர் "உப்பு ஆச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் "ஆச்சு!" என்று பதில் கொடுக்க வேண்டும். முன்னே தலைவியாக இருந்த பழனியாத்தா காலத்தில் அப்படித்தான் நடந்தது. யாராவது தப்புச் செய்துவிட்டு வந்து நின்றால், "சொன்னியே, அது போதும். வா, சரி பண்ணுவோம்" என்பாளாம். அவள் போய்ச் சேர்ந்தாள். ராஜாவின் மச்சினனுக்கு வேண்டியவன் என்று வீரணன் வந்தான்.

அன்று காலையில் இருளாண்டி போய், "அய்யா, ஒரு குடம் ஒழுகுது" என்றான். "உடைச்சதே நீதானடா" என்று அவன் கூலி நெல்லில் ஒரு படி குறைத்தான் வீரணன். அப்புறம் சின்னாத்தா போய், "அய்யா, கத்தரிக்காயில புழு" என்றாள். "உன் கண்ணுலதான் புழு" என்று ஒரு படி குறைத்தான். அப்புறம் மொக்கையன் போய், "அய்யா, விறகு ஈரம்" என்றான். "உன் மூளையை விடவா?" என்று ஒரு படி குறைத்தான்.

"இனிமே அடுப்படியில எவனும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டா மட்டும் பதில்!"

அதற்கப்புறம் கொட்டகையில் காகம் மட்டும்தான் பேசியது.

மொத்தம் மூன்று அண்டா. முதல் அண்டா படையலுக்கு, மற்ற இரண்டும் கூட்டத்துக்கு. முதல் அண்டா கொதித்தது. பூவாயி ஒரு சிரட்டை உப்பைப் போட்டாள், குரல் கொடுக்க வாயெடுத்தாள், வீரணன் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவள் அம்மிக்குப் போனதும் சின்னாத்தா வந்தாள். 'உப்புச் சத்தமே கேக்கலையே, மறந்துட்டாக போல' என்று ஒரு சிரட்டை போட்டாள். அவளும் சொல்லவில்லை. அப்புறம் வீரணன் வந்தான். 'இந்தக் கூட்டத்தை நம்ப முடியாது' என்று அவனும் ஒரு சிரட்டை போட்டான். அதைப் பூவாயி பார்த்துவிட்டாள். 'நான் போட்டுட்டேனய்யா' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு படி நெல் என்றால் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் கஞ்சி. விழுங்கிக்கொண்டாள்.

ராஜா வந்தார். "வாசனை ஆளைத் தூக்குதே! யார் கைப்பக்குவம்?" என்றார்.

"என் ஒரு கைதான் மகாராசா. உப்புலேருந்து பருப்பு வரைக்கும் வேற கை படல" என்றான் வீரணன்.

படைத்தார்கள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, தாயல்லவா, பொறுத்துக்கொண்டாள். ராஜா ஒரு வாய் வைத்தார், துப்பினார்.

"யார் கெடுத்தது? என் மகளுக்காக வந்த சனம் பசியோட எழுந்திரிச்சா, அடுப்படி ஆள் அத்தனை பேரும் இன்னைக்கே ஊரை விட்டுப் போகணும்!"

"இந்தப் பூவாயிதான்!" என்றான் வீரணன்.

பூவாயி அடுப்புப் பக்கம் திரும்பினாள். மற்ற இரண்டு அண்டாவும் கொதித்துக்கொண்டிருந்தன. அவற்றில் இன்னும் உப்பு விழவில்லை. அவளுக்குப் பழனியாத்தா ஞாபகம் வந்தது.

"மகாராசா, இதைச் சரி பண்ணலாம். எத்தனை சிரட்டை விழுந்துச்சோ அத்தனை அண்டாவாக் கலக்கணும். கணக்குத் தெரிஞ்சாப் போதும். நான் ஒண்ணு போட்டேன். சொல்லாதது என் தப்பு."

சின்னாத்தா முந்தானையைப் பிடித்தபடி, "நானும் ஒண்ணு போட்டேன்க்கா" என்றாள்.

"சொன்னியே, அது போதும்" என்றாள் பூவாயி. அப்புறம் மரியாதையாகவே கேட்டாள். "அய்யா, நீங்க?"

"என் கை உப்புப் பக்கமே போகல!"

ராஜா மொக்கையனைப் பார்த்தார். "டேய், நீ அடுப்பை விட்டு நகராதவன். நீ பார்த்தியா?"

"பார்த்தேன் மகாராசா. மூணு. மூணாவது தலைவர் கை."

"முதல்லேயே ஏன் சொல்லல?"

"கேட்டாத்தான் பேசணும்னு உத்தரவு. யாரும் கேக்கலீங்களே!"

"பொய்! ரெண்டுதான்!" என்று கத்தினான் வீரணன்.

"சரி, உன் கணக்குப்படியே ஆகட்டும். முதல் சொம்பு உனக்கு" என்றார் ராஜா.

இரண்டு அண்டாவைக் கலந்தார்கள். வீரணன் ஒரு மடக்குக் குடித்தான், கண்ணில் தண்ணீர். இரண்டாம் மடக்கு, மூக்கில் தண்ணீர். மூன்றாம் மடக்கில், "மூணு! மூணு! மூணாவது என் கை!" என்று உட்கார்ந்துவிட்டான்.

"உப்புலேருந்து பருப்பு வரைக்கும் உன் கைதானே? குடி, மிச்சத்தையும்" என்றார் ராஜா. குடித்தான்.

மூன்றாவது அண்டாவையும் சேர்த்துக் கலந்தார்கள். உப்பு அளவாக நின்றது. முந்நூறு பேரும் சாப்பிட்டார்கள். குறைத்த மூன்று படி நெல்லும் அவரவர் மடிக்குத் திரும்பியது. பூவாயி தலைவி ஆனாள். இருளாண்டி அம்மிக்கு வந்தான். வீரணன் கையில் அந்த ஒழுகுகிற குடத்தைக் கொடுத்தார் ராஜா.

ஏரிக்கும் அடுப்புக்கும் நடந்து, முட்டிவரை நனைந்து, அவன் பூவாயி முன்னால் வந்து நின்றான். "குடம்... குடம் ஒழுகுது" என்றான், தலையைத் தூக்காமல்.

"சொன்னீங்களே, அது போதும். வாங்க, அரக்கு வச்சு அடைப்போம்" என்றாள் பூவாயி.

அண்டாக்களை வழித்தபோது குழம்பு பதினோரு அகப்பை இருந்தது. ஆளுக்கு இரண்டு, ஐந்து பேருக்குப் பத்து. வீரணனுக்கும் உண்டு, குடித்தானோ இல்லையோ. காகம் கூரையிலிருந்து இறங்கி வந்தது.

சொல்லி வைத்த வீட்டில் உப்பு கரிக்காது. கதை வடிந்தது, கஞ்சி ஆறியது, மிச்சம் ஓர் அகப்பை.