பேச்சியம்மாள் வடித்த ஆயில்

புதுக் கார் பெட்ரோலுக்குப் போட்டியாக இஞ்சின் ஆயிலையும் குடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தென்காசி டாக்ஸிக்காரர்கள் முந்நூறு பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும் வண்டிக்கு இஞ்சின் மாற்றித் தருவதாகக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. ஆனால் சோதிப்பதும் கம்பெனிதானாம். பாலுக்குப் பூனை காவல்.

சர்வீஸ் மேனேஜர் ரகோத்தமன் நாலு லிட்டர் ஊற்றி, மூடிக்குச் சீல் வைத்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டச் சொல்வார். திரும்பி வந்த வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் அளப்பார். ஒரு வண்டியிலும் ஆயில் குறைந்திருக்காது. “ஆயிலை வாங்கி வித்துத் தின்னுட்டு எங்க மேல பழியா?” என்று விரட்டுவார்.

பேச்சியம்மாளின் முறை வந்தது. ஓட்டி முடித்தவள், ஸ்டார்ட்டர் மக்கர் என்று சொல்லி வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஒப்படைத்தாள்.

மறுநாள், கோர்ட் அனுப்பிய வக்கீல் முன்னால் ரகோத்தமன் அளவுக்கம்பியை உருவிக் காட்டினார். “முழுசா இருக்கு. இந்தம்மா விட்டுட்டுப் போனபடியே இருக்கு, யாரும் தொடலை.”

பேச்சியம்மாள் ஒரு கேனை மேசைமேல் வைத்தாள்.

“உங்க கேட்டுக்கு வெளியவே அடி நட்டைக் கழட்டி, சொட்டு விடாம வடிச்சுட்டுத்தான் வண்டியைத் தள்ளிட்டு வந்தேன். நாலு லிட்டர்ல மிச்சம் ஒண்ணரை. நேத்து இந்த வக்கீல் சார்தான் கூட நின்னு பார்த்து, கேன் மூடியில கையெழுத்துப் போட்டாங்க.”

ரகோத்தமன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

“எடுத்துட்டுப் போற திருடனைப் பார்த்திருக்கேன் சார்,” என்றாள் பேச்சியம்மாள் அவரிடம். “ராத்திரியோட ராத்திரியா ஊத்திட்டுப் போற திருடனை இன்னைக்குத்தான் பார்க்கேன். முந்நூறு வண்டிக்கும் சேர்த்தே எழுதுங்க.”