தெற்கு வீதிச் சன்னல்

முதலில் கெடுத்தவன் வேலப்பன். ஒன்பது வருஷத்துக்கு முன், இதே தேரோட்டத்தில், மாசிலாமணி கட்டிய கேமராவின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் வயரைச் செருகினான். அதற்குள் போலீஸ் அறைத் திரை இருண்டது. பழியை மாசிலாமணி தலையில் கட்டினான். அதன்பின் திருவிழா வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வேலப்பன் இருந்த தெருவழியாக அவரும் நடக்கவில்லை.

இந்த வருஷம் கண்காணிப்பு அறை வேலையை எடுத்த ஜெசிந்தா கூப்பிட்டாள். அவருக்கு மகள் வயசு. மூன்றாம் வகுப்போடு நின்ற மாசிலாமணி அறுபத்திரண்டு வயசில் அவளிடம் புதுக் கருவிகளின் தொழில் கற்க வந்தார். டீச்சர் என்றே கூப்பிட்டார்.

போலீஸ் கண்காணிப்பு அறையில் ஒரு பெட்டி. மூன்று வீதிக் கேமராக்களின் வயர்களும், வரைபடம் காட்டும் கம்ப்யூட்டரின் வயரும் அதற்குள் போயின. சுவரில் இருந்த பெரிய திரை நான்கு சன்னல்களாகப் பிரிந்தது.

“தெற்கு வீதி வயரை மட்டும் ஏன் கடைசியாச் செருகுறீங்க, அண்ணே?”

“அந்தக் கேமரா வேலப்பன் கட்டினது, டீச்சர்.”

“படம் வருதா?”

“வருது.”

தேர் தெற்கு வீதி மூலைக்கு வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார்.

“தெற்கு வீதி கண்ணாடி மாதிரித் தெரியுதே. யாரு போட்டது?”

“நம்ம வேலப்பன், சார்,” என்றார் ஏட்டு.

மாசிலாமணியின் கை பெட்டிக்குப் பின்னால் போனது. தெற்கு வீதி வயரைப் பிடுங்கினார். இருளட்டும். இந்தத் தடவை அவன் பேர் நாறட்டும்.

திரை இருளவில்லை. வயர் அவர் கையில் இருந்தது. வெறிச்சோடிய வீதியும் சுவரில் அப்படியே இருந்தது. ஒன்றும் புரியாமல் நின்றார்.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்ப ஐந்து நிமிஷம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் வாக்கிடாக்கியை எடுத்தார். “தெற்கு வீதி காலி. வடத்தை இழுக்கச் சொல்லு.”

“அண்ணே,” என்றாள் ஜெசிந்தா. “மத்த வீதியில தோரணம் ஆடுது. அங்க ஆடலையே.”

மாசிலாமணி பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். வயரைச் செருகினார். சன்னல் ஒரு கணம் இருண்டு, திறந்தது.

நீர்மோர்ப் பந்தல் வீதியின் குறுக்கே சரிந்து கிடந்தது. அடியில் ஆட்கள். தலை நரைத்த ஒருவர் கேமராவுக்கு நேராக நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“நிறுத்து. இழுக்காதேன்னு சொல்லு,” என்று வாக்கிடாக்கியில் கத்தினார் இன்ஸ்பெக்டர்.

வடம் தளர்ந்தது. இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வெளியே ஓடினார்கள்.

“வயரை எடுத்தா இருட்டாகும்னு நினைச்சேன், டீச்சர்.”

“பழைய பெட்டி இருட்டாகும். இது கடைசியாப் பாத்த படத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கும்.”

திரையில் அந்த நரைத்தவர் மூங்கிலைத் தூக்கி ஆட்களை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு அந்த ஆளு?” என்று கேட்டார் மாசிலாமணி.

“தெரியலையா? வேலப்பன்தான்.”

மாசிலாமணி கிட்டே போய்ப் பார்த்தார். “நான் கடைசியாப் பாத்தப்ப வேலப்பனுக்குக் கருகருன்னு முறுக்கு மீசை.” இந்த ஆளுக்கு மீசையே இல்லை. முதுகு வளைந்திருந்தது.

திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். “அவன் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், டீச்சர். இன்னிக்கு வரைக்கும் கேக்கலை.”

“கேக்கணும்தான்,” என்றாள் ஜெசிந்தா. “யாரு, மீசைக்காரரா? இவரா?”